மலைக்கு வாங்கும் பழைய காரை மலையில் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் பழைய கார் விற்பனை என்றால் எழுதியிருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: சிங்கிள் ஓனர், குறைந்த ஓட்டம், ஏ.சி., பவர் ஸ்டீயரிங், நான்கும் புது டயர், இன்சூரன்ஸ் கரண்ட். கோவையிலோ ஈரோட்டிலோ ஓட்டப்போகிறவருக்கு இது போதும். குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் பக்கத்திலிருந்து கீழே போய் வண்டி வாங்குகிறவருக்கு இதில் உருப்படியான தகவல் எதுவும் இல்லை. ஏ.சி.கூட இங்கே வெயிலுக்கு அல்ல, மழை நாளில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கத்தான் வேண்டும். மலையில் ஓடப்போகும் காரிடம் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. அவற்றை விவரமாக எழுதியிருக்கிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொண்டு பிரசுரிக்க வேண்டுகிறேன்.

சமதளத்தில் குறை சொல்ல முடியாமல் ஓடும் கார் மலையில் மூன்று விஷயங்களில் மாட்டிக்கொள்ளும்: பிரேக், கிளட்ச், எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் வகையறா. அவினாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து இந்த மூன்றையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே விலை பேசும் முன் ஒரு நிபந்தனை போடுங்கள். வண்டி மேட்டுப்பாளையம் வரை வர வேண்டும்; கல்லாறு தாண்டி பர்லியார் வரை ஏற்றி, திரும்ப இறக்கிப் பார்த்த பிறகுதான் முன்பணம். சீசனில் குன்னூர் சாலையை ஏற்றத்துக்கு மட்டும் ஒருவழியாக்கியிருந்தால் கோத்தகிரி வழியாக இறங்குங்கள்; நீண்ட இறக்கம், சோதனைக்கு இன்னும் நல்லது. கொடைக்கானல்காரர்கள் வத்தலகுண்டு சாலையில் டம்டம் பாறை வரை போய் வந்தால் போதும். பெட்ரோல், டீசல் செலவை வாங்குகிறவர் ஏற்றுக்கொள்வதே முறை. இதற்குச் சம்மதிக்காத கன்சல்டிங்காரரிடம் (பழைய கார் வியாபாரி) மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மலை ஏற்றுவதற்கு முன், காலையில் வண்டி நிற்கும் இடத்துக்கே போய், ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் டைமிங் செயின் சத்தம், டீசலில் குளோ பிளக் (ஆறிய எஞ்சினைக் கிளப்பச் சூடேற்றும் பாகம்) பலவீனம், முதல் புகையின் நிறம் எல்லாம் வெளியே வரும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் உறைபனி விழும் காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டிய வண்டி கோவையின் இளங்காலையிலேயே முனகினால், இங்கே வந்து தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவான கூலண்ட் இருந்தால் சரி. துருப்பிடித்த டீத்தண்ணி நிறத்தில் இருந்தால் பல காலமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே வாட்டர் பம்ப்பும் ரேடியேட்டரும் அரித்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல் படிந்திருப்பதைப் பார்த்தும் பலர் கேஸ்கெட் என்று பயப்படுவார்கள். கீழ்நாட்டு வண்டியில் அந்தப் பயம் நியாயம். ஊட்டியில் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் சூடேறாமல் ஆவி நீராகி அப்படிப் படிவது சகஜம். கூலண்ட் குறையாமல் இருந்தால் அதற்காக வண்டியைத் தள்ளிவிட வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 95 டிகிரி வாக்கில்தான். ஆக, உள்ளே இருப்பது கொதிக்காமல் நிற்பது மூடியின் ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தத்தால். அந்த அழுத்தத்தின் அளவை 0.9 அல்லது 1.1 என்று மூடியிலேயே அச்சிட்டிருக்கும். ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வெடித்த மூடி கீழே ஒப்பேற்றிவிடும். லவ்டேல் ஏற்றத்தில் ஃபேன் சுற்றும் முன்பே தண்ணீரைக் கக்கும். மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும், ஆனால் அந்தச் சில நூறைச் செலவழிக்காமல் ஹெட்டையே வளைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இன்னொரு கீழ்நாட்டு வழக்கம், வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிந்துவிடுவது. வெயில் ஊரில் அதன் கெடுதல் உடனே தெரியாது. மலைக் குளிரில் எஞ்சின் கடைசி வரை சூடேறாது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் கசடு கட்டும், ஹீட்டர் வேலை செய்யாது. ஸ்டார்ட் செய்து சாதாரணமாக ஓட்டினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெப்பமானி முள் நடுப்பகுதிக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். வராமலே இருந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது.

கிளட்சைப் பார்க்கச் சமதளத்திலேயே ஒரு வழி உண்டு. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் உறுமினால் வழுக்குகிறது. ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், நல்ல பிளேட்டும் கருகும். மலையில் இதைவிடக் கடுமையான பரீட்சை, ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸில் மேல்நோக்கி எடுப்பது. வண்டி உதறிக்கொண்டு கிளம்பினால் ஃப்ளைவீலில் (கிளட்ச் பிளேட் அழுந்தும் சக்கரம்) சூட்டுத் தழும்பு இருக்கும், அல்லது கிராங்க் சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் இறங்கியிருக்கும். இரண்டுக்குமே கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கையில் முன்சக்கரத்திலிருந்து ‘டக் டக்’ என்று வந்தால் ஆக்சில் ஜாயிண்ட் போய்விட்டது. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்ததுதான் காரணமாக இருக்கும். இறங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் காலை எடுத்துவிட்டு எஞ்சினாலேயே வேகத்தைப் பிடியுங்கள். கியர் லிவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் அந்த வண்டியைத் தொடாதீர்கள்; மலை இறக்கத்தில் அந்தக் குறையைவிடப் பெரிய குறை பிரேக் இல்லாமல் போவது ஒன்றுதான். பெட்ரோல் வண்டியில் இப்படி எஞ்சின் பிடியில் நீண்ட தூரம் இறங்கிய பிறகு ஆக்சிலேட்டரை மிதித்துக் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப்புகை குபீரென்று வந்தால் வால்வு சீல் தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது. சமதளத்தில் இந்தப் புகை கண்ணில் படாமலே போகும்.

இனி பிரேக். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், ஐம்பது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரும் ஒரு பங்கை விழுங்கும். மீதி எஞ்சினுக்குள் போக வேண்டும். கியரில் இறங்காதவருக்கு அது முழுவதும் நான்கு சக்கரங்களில் உள்ள டிஸ்க்கிலும் டிரம்மிலும் ஏறும்.

சூடு ஏறினால் இரண்டு விதமாக பிரேக் கைவிடும். பேட் கருகினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது, கருகல் வாடை முன்கூட்டியே எச்சரிக்கும். பிரேக் ஆயில் கொதிப்பது அதைவிட மோசம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையது. வருடத்தில் பாதி நாள் பனிமூட்டமும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். நீர் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு வைத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. கொதித்ததும் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆகவே பெடல் ஒரே மிதியில் தரைக்குப் போய்விடும். அரை மணி நேரம் ஆறிய பிறகு குமிழி கரைந்து பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். விபத்து நடந்த வண்டியை மறுநாள் பரிசோதிக்கும்போது பிரேக் ஒழுங்காக வேலை செய்வதும், டிரைவர் பொய் சொல்வதாகச் சந்தேகப்படுவதும் இதனால்தான்.

வாங்கும்போது பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். வெளிர் தேன் நிறம் நல்லது, காபி நிறம் கெட்டது. எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றி, மூடியில் எழுதியிருக்கும் ரகத்தையே ஊற்றிக்கொள்ளுங்கள். டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. கீழ்நாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்றால் கூடலூர், தேவாலா மழைக்கு ஒவ்வொரு வருடமும் மாற்றுவது நல்லது. எஞ்சினை அணைத்து நாலைந்து முறை பெடலை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால், மிதியின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்யவில்லை. எஞ்சின் ஓடும்போது ஒரு நிமிடம் சீராக அழுத்திப் பிடித்தால் பெடல் மெதுவாக அமிழக் கூடாது. அமிழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது. பர்லியாரிலிருந்து இறங்கி வந்து நின்றதும் நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில், தொடாமல், கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தின் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சிக்கியிருக்கிறது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளையும், விரிசலும் விடலாம். நிறுத்திய பின்னும் பிரேக்கை அழுத்தியே வைத்திருக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து ஆறவிடுங்கள்.

நியூட்ரலில், எஞ்சினை அணைத்து இறங்கி டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. எஞ்சின் அணைந்தால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பவர் ஸ்டீயரிங் கல்லாகும். இன்றைய கார்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடும் என்பதால் மிச்சமும் கிடையாது. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகளை இறங்கவிடாமல் தடுப்பது யாரையும் தொந்தரவு செய்வதற்கு அல்ல.

எந்த வண்டி நல்லது என்று பொதுவாகக் கேட்பார்கள். உயரத்தில் காற்று மெலிவதால், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் வீதம் சக்தி இழக்கும். ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 800 சி.சி. காரில் ஐந்து பேர் ஏறினால் முதல் கியரை விட்டு எழ முடியாமல் கிளட்ச் தேய்வது இதனால்தான். டர்போ டீசல் அந்த இழப்பை ஈடுகட்டும். ஆனால் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும் 1.3 லிட்டர் டீசல்களில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே இருந்தால் டர்போ எழும்பாது. வளைவில் இரண்டாவது கியரில் திருப்பி மூச்சடங்கிப்போவதைவிட முதலுக்கு வந்துவிடுவது நல்லது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசல்களில் புகைக்கரியை வடிகட்டி எரிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது சுத்தமாவதற்கு நல்ல வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். வெலிங்டனுக்கும் குன்னூருக்கும் மட்டும் போய் வருகிறவர் அந்த டீசலை வாங்கினால் எச்சரிக்கை விளக்கோடுதான் குடித்தனம். 2014ல் வந்த முதல் தலைமுறை ஏ.எம்.டி. (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) கார்கள் ஏற்றத்தில் பின்னால் உருளும். ஹேண்ட்பிரேக் பழக்கம் இல்லாதவர்களுக்கு வேண்டாம். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்கள் மலைக்கு மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகும் முக்கியத் துளை) ஒரு அளவு குறைத்துக்கொண்டால் பிளக் கரி பிடிக்காது.

வண்டியின் உடம்பைப் பொறுத்தவரை, பெயிண்டைப் பார்க்காமல் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி, ரன்னிங் போர்டு, பின்சக்கர வளைவு எல்லாவற்றிலும் நகர்த்தினால் பட்டி பார்த்து மூடிய இடத்தில் ஒட்டாது. முன் சஸ்பென்ஷன் மேலே மாட்டும் இடத்திலும், பின் ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் இடத்திலும் துரு இருந்தால் பேரமே வேண்டாம். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களிலும், கேரளத்தில் 2018 ஆகஸ்டிலும் மூழ்கிய வண்டிகள் எங்கெங்கோ கை மாறியிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா, சீட் தண்டவாளம் துருவேறியிருக்கிறதா, ஸ்டெப்னிக் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். வயர் இணைப்பிகளில் பச்சை பூத்திருந்தால் மலை ஈரத்தில் மாதத்துக்கு ஒரு கோளாறு நிச்சயம்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. விற்பனைக்கு 29, 30 ஆம் எண் படிவங்கள், கடன் இருந்தால் வங்கி கையெழுத்திட்ட 35, வேறு மாநில வண்டிக்கு 28ல் தடையின்மைச் சான்று. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். டெல்லி வண்டி மலிவு என்று வாங்குகிறவர்கள் இங்கே ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டியதையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். 15 வருடம் முடிந்த கார் என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வாங்கியதும் வண்டியில் கை வைப்பது அடுத்த வியாதி. பெரிய டயர் போட்டால் கம்பீரமாக இருக்கும்தான். ஆனால் டயரின் விட்டம் கூடினால் கியர் விகிதம் உயர்ந்ததற்குச் சமம். ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் எஞ்சினின் பிடியும் குறையும், அதே பிரேக் அதிகம் உழைக்கும். ஒரிஜினலைவிட 3 சதவீதத்துக்கு மேல் விட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீல் ஸ்பேசர் பேரிங்கைத் தின்னும். ஜீப், ஜிப்ஸிகளை உயர்த்துகிறவர்கள் பிரேக் ஹோஸின் நீளத்தை மறந்துவிடுவார்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஹோஸ் இழுபட்டு ஒரு நாள் அறும். வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி. பல்பு பனிமூட்டத்தில் சுவர் போல் ஒளியைத் திருப்பி அடிக்கும். பம்பருக்குக் கீழே தாழ்வாக மஞ்சள் ஃபாக் விளக்கு, ஒரிஜினல் 55/60 வாட் பல்புக்குத் தனி ரிலே வைத்த வயரிங், இந்த இரண்டும் போதும். 100 வாட் பல்பு ஹோல்டரை உருக்கிவிடும். அடிப்பகுதிக்கு ரப்பர் கோட்டிங் நல்லதுதான், ஆனால் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு வேகமாக அரிக்கும். கருங்கல் சாலையில் ஓட்டுகிறவர் எஞ்சினுக்கு அடியில் கவசத் தகடு போடும்போது, ஆயில் கழற்றும் துளைக்கு நேரே ஓட்டை வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் கசிவு இருந்தால்கூடக் கண்ணில் படாது.

சட்டமும் இதில் சாதாரணமல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) உள்ள விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். முன்பக்க இரும்புக் கிரில்லை மத்திய அரசு 2017லேயே தடை செய்துவிட்டது. எஸ்டேட் ஜீப்புகளில் எஞ்சின் மாற்றியிருப்பது பரவலாக உண்டு. எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத ஜீப் எவ்வளவு நன்றாக இழுத்தாலும் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

கட்டி இழுப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்ல வேண்டும். பழைய வண்டி என்றாவது ஒரு நாள் வழியில் நிற்கும், மலையில் கயிறு கட்டி இழுப்பதில்தான் சின்னப் பழுது பெரிய விபத்தாகிறது. பம்பரில் சிறிய பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் கொக்கி திருகும் மரை தெரியும். கொக்கி ஸ்டெப்னிக் குழியில் டூல்ஸோடு இருக்க வேண்டும். பழைய கார்களில் இது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், ஆகவே வாங்கும்போதே ஜாக்கி, ஸ்பானரோடு இதையும் கேட்டு வாங்குங்கள். பல மாடல்களில் அது இடது மரை. வலது பக்கம் திருகிப் பார்த்துவிட்டு மரை போய்விட்டது என்று பம்பரிலோ லோயர் ஆர்மிலோ கயிற்றைக் கட்டாதீர்கள். லோயர் ஆர்ம் வளைந்தால் சக்கர அலைன்மெண்ட் மொத்தமும் போகும்.

1,000 கிலோ காரை பத்துக்கு ஒன்று சரிவில் இழுக்க நிலையான இழுவை 120 கிலோ அளவுதான். ஆனால் கயிறு தொய்ந்து சட்டென இறுகும் நொடியில் அது பல மடங்காகும். மூன்று டன்னாவது தாங்கும் என்று அச்சிட்ட நைலான் பட்டை வாங்குங்கள். ஸ்டீல் கம்பிக்கு நெகிழ்ச்சி கிடையாது, கொக்கியையே பிடுங்கிவிடும். காய்கறி மூட்டை கட்டும் கயிற்றை முடிச்சுப் போட்டு ஒட்டினால் முடிச்சில் பலம் ஏறக்குறைய பாதியாகும். முடிச்சுக்குப் பதில் இரும்பு ஷேக்கிள் (பூட்டு வளையம்) மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் கனமான சாக்கைப் போர்த்தினால், அறுந்தாலும் சாட்டை போல் வந்து கண்ணாடியைத் தாக்காது. இரண்டு வண்டிக்கும் இடைவெளி ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும், பின்னால் அறிவிப்பு அட்டை தொங்க வேண்டும். சாவி ஆன் நிலையில் இல்லாவிட்டால் முதல் வளைவில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இழுபடுகிறவர் லேசாக பிரேக் தொட்டபடி கயிற்றை எப்போதும் விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். முன்வண்டி வளைவில் அகலமாகத் திரும்ப வேண்டும், ஏனெனில் பின்வண்டி உள்ளோரத்தை வெட்டிக்கொண்டு வரும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்.

இவ்வளவும் ஏற்றத்துக்கு. இறக்கத்தில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. எஞ்சின் ஓடாத வண்டிக்கு பிரேக் பூஸ்டர் இல்லை. அது முன்வண்டியை முட்டும், அல்லது கயிற்றை மிதித்துச் சுருட்டிக்கொள்ளும். இறக்க வேண்டுமென்றால் இரும்புக் கம்பி இணைப்பு, அதுவும் முன்வண்டி பின்வண்டியைவிட எடை கூடியதாக, சுமை ஏற்றிய பிக்கப் மாதிரி இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் ரெக்கவரி வண்டிக்குக் காத்திருப்பதே உத்தமம். காத்திருக்கும்போது முக்கோணத்தை வளைவுக்கு முன்பே, ஐம்பது மீட்டர் தள்ளி, மேலேயும் கீழேயும் வையுங்கள். பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கம் இரவு நின்றுவிட்டால் யானை வரும் என்பதால் காரை விட்டு இறங்கிச் சுற்றாதீர்கள்.

ரெக்கவரி வண்டி வந்ததும் அவர்கள் அவசரத்துக்கு விட்டுவிடக் கூடாது. முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், பின் ஹேண்ட்பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் (சி.வி.டி. வகையும் சேர்த்து) வண்டியின் இழுக்கும் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே ஆயில் பம்ப் சுற்றாமல் கியர்பாக்ஸ் எரிந்துபோகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மேடை லாரிதான். டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்த வண்டியைக் கியரில் உருட்டவே கூடாது, வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். கட்டணத்தை எங்கிருந்து எங்கே, இரவா பகலா, வின்ச் போட்டால் தனியா என்று கேட்டு, காரை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு ஏற்றுங்கள். இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்த்திருப்பவர்கள், இலவச கிலோமீட்டர் எவ்வளவு, மலைப்பாதைக்குப் பொருந்துமா என்று பாலிசியை இன்றே எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

இந்தக் கட்டணம்தான் இப்போது மலையில் ஆளுக்கொரு விலையாக, நேரத்துக்கொரு விலையாக இருக்கிறது. ஆட்டோவுக்கு இருப்பது போல ரெக்கவரி வண்டிக்கும் மாவட்ட நிர்வாகம் தூரத்தை வைத்து அதிகபட்சக் கட்டணம் நிர்ணயித்து, கல்லாறு, கோத்தகிரி சாலை அடிவாரம், தலைகுந்தா, கூடலூர் ஆகிய இடங்களில் போலீஸ் சோதனைச் சாவடியிலேயே பலகை வைக்க வேண்டும். அதே சாலைகளில் இறக்கத்தின் நடுவே பிரேக் ஆறவிட நான்கு கார் நிற்கும் அளவுக்கு ஒதுங்கிடமும், முந்தைய வளைவிலேயே அதற்கு அறிவிப்பும் வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
அருவங்காடு, நீலகிரி மாவட்டம்.